இடம் மாறிய ஏழும் நான்கும்

51284734. சிகரெட் அட்டையைக் கிழித்து, என் கையால் நான் எழுதிய எண். அந்த அட்டையின் வழவழப்புகூட இன்னும் விரலில் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று நெய்வேலியில் என் பெயரில் மூன்று லாரி ஓடுகிறது என்றால், அது என் தலைக்குள் ஓடிய கணக்கால்தான். எவ்வளவு நீளமான எண்ணையும் கண் இமைப்பதற்குள் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிவிடுவேன். டிப்ளமா படித்தவர்களே வாய் பிளந்திருக்கிறார்கள்.

அப்போது நான் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. என் மனைவியின் தம்பியும் என்னோடுதான். அன்று கரி ஓடும் பெல்ட்டுக்கு மேலே உள்ள தொட்டியில் ஈரக்கரி அடைத்துக்கொண்டது. அவன் உள்ளே இறங்கிக் கம்பியால் கரியைக் குத்திவிட வேண்டும். அதற்குமுன் அந்த பெல்ட்டின் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். வேலைக்குக் கொடுத்த பேப்பரிலிருந்து பெல்ட்டின் எண்ணை அட்டையில் பார்த்தெழுதிக்கொண்டு, பேப்பர் நனையாமல் மடித்துப் பையில் வைத்து, சுவிட்ச் அறைக்கு ஓடினேன். “சீக்கிரம் வா மாமா, கால் மரத்துப் போவுது” என்று அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கத்தினான்.

அறையில் போர்மேன். எல்லோரும் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்துதான் சுவிட்சை இழுப்போம். அவர் மட்டும் அட்டையை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

“எழுநூத்தி முப்பத்திநாலு, அதோ மூணாவது வரிசைங்க. இழுங்க. பூஜை போட்டுக்கினா இருக்கீங்க?”

“ஒண்ணுவிட்டு ஒண்ணு கூட்டிப் பாருய்யா.”

கூட்டினேன். ஒரு பக்கம் பதினாலு, மறுபக்கம் இருபது.

“இந்த பெல்ட்டுக்கு நான் போட்ட எண் எல்லாம் பதினொண்ணால மீதியில்லாம வகுபடும். ரெண்டு தொகையும் ஒண்ணா இருக்கணும், இல்ல வித்தியாசம் பதினொண்ணு, இருபத்திரெண்டுன்னு வரணும். இது ஆறுல நிக்குது.”

“மொத்தமா கூட்டினா ஏழு வருதுங்க. பேப்பர்லயும் ஏழு. நான் தப்பு பண்ண மாட்டேன்.”

“இலக்கம் இடம் மாறினாலும் உன் ஏழு ஏழாத்தான்யா இருக்கும்.”

பேப்பரை வாங்கி விரித்தார். 51287434. ஏழும் நான்கும் இடம் மாறியிருந்தன. ஒரு பக்கம் பதினேழு, மறுபக்கமும் பதினேழு. 734 வேறொரு பெல்ட். அதை நிறுத்திவிட்டு அவனை இறங்கச் சொல்லி நான் கையசைத்திருந்தால், அவன் உள்ளே இருக்கும்போதே எங்கள் பெல்ட்டை யாரோ எங்கிருந்தோ ஓட்டியிருப்பார்கள்.

அவர் 434-ஐ இழுத்துப் பூட்டினார். திரும்பிப் போனதும், மரத்துப்போன அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். “என்ன மாமா, பேயப் பாத்தியா?” என்று சிரித்துக்கொண்டே அவன் இறங்கினான்.

போர்மேன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. அந்த அட்டையை அன்றே அடுப்பில் போட்டேன். ஆனால் இன்றும் லாரி அனுப்பும் சீட்டில் எண்ணைப் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டாமல் கையெழுத்து விழாது. “முதலாளிக்கு என்ன மூளை” என்கிறார்கள் வேலைக்காரர்கள். மூளை இல்லை, நடுக்கம்.

மச்சான் ஞாயிறுதோறும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். இதை அவன் அச்சில்தான் படிக்கப்போகிறான். படித்தபின் வருவானோ மாட்டானோ, வரும் ஞாயிறும் அவனுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன்.