ஆட்டுத்தோலில் எழுதிய கவிதை

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தேன். பதனிட்ட ஆட்டுத்தோலைக் கையால் தடவி, கீறல், ஓட்டை பார்த்து, அது எத்தனையாவது கிரேடு என்று உட்புறத்தில் அழியாத நீலப் பென்சிலால் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். மனசுக்குள் மட்டும் நான் பெரிய கவிஞன். நதியைப் பற்றி எழுதி எழுதி அனுப்புவேன்; பத்திரிகைகள் தவறாமல் திருப்பி அனுப்பும். பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு கல்லூரி ஹாலில் வெளிநாட்டுப் படம் போட்டார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீள மேஜையைச் சுற்றி ஆளில்லாத கோட்டுகள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. அதில் ஒன்று மெதுவாக என் பக்கம் திரும்பியது. முகமே இல்லை, ஆனாலும் என்னைத்தான் பார்த்தது. பயத்தில் பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை மேஜைக்கு வந்தால், எட்டு வருஷமாகத் தடவிய அதே தோல். கால், கழுத்து, முதுகு எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆடு மட்டும் இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘உன்னைக் கழற்றி வைத்துவிட்டு ஆடு எங்கே போனது?’ என்று முதல் தோலில் எழுதினேன். ‘இப்போது உனக்குள் யார்?’ என்று அடுத்ததில். மத்தியானத்துக்குள் விற்பனைக்குக் கட்டி வைத்த ஒரு லாட் தோல் முழுக்கக் கவிதை. கிரேடு போட மறந்தே போனேன்.

அன்றைக்கென்று பார்த்து மேல்விஷாரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். முதல் தோலைத் திருப்பிப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். மூன்றாவதைத் தொடவில்லை.

“இன்னா பாய் இது? ஒரே பேஜாரா இருக்குது. கை வெக்கவே மனசு வர்ல. இந்த லாட் வாணாம்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள். வேலை போனால் நடுத்தெருதான்.

“இன்னாய்யா எழுதி வெச்சிருக்கே?”

“கவிதைங்க முதலாளி.”

“கிரேடு எங்கய்யா?”

நீலப் பென்சிலை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

“எல்லாத்தையும் நீயே தேச்சு அழி. அப்புறம் மேல்விஷாரம் போய் அவருகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா. இன்னொரு தபா எழுதினே, ஒரேயடியா வூட்டுக்குப் போய்டு!”

நாலு நாள் உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு வரியையாவது காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால், மேஸ்திரி எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கவிதை வந்தால் காகிதத்தில் எழுதுங்கள். நானும் அப்புறம் அப்படித்தான் எழுதினேன். சிலது அச்சிலும் வந்தது, படித்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். ஆனால் என் எழுத்தைப் படித்து நிஜமாகவே ஆடிப்போனவர் அந்த வியாபாரி ஒருவர்தான். அவரிடம் போய், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று கைகூப்பினேன்.