பாலத்தைக் கடந்த கதிரை

முதல் தடவை பார்த்தபோது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாம் தடவை பார்த்தபோது, தலை என்று நான் நினைத்ததுதான் வால் என்று தெரிந்தது. அதற்குமேல் பொறுமை இல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

படம் எடுத்தவள் என் அண்ணன் மகள். கண்டியில் ஒரு வங்கியில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு நாட்களில் சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு, இரவல் கேமராவோடு மழையிலும் பனியிலும் அலைந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து முடித்திருந்தாள். வங்கியில் அவளை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்ன அதே வாரத்தில், படத்தைப் பார்த்த கொழும்புக் குழு ஒன்று தங்களோடு வேலை செய்ய வரச்சொல்லி அழைத்தது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அண்ணன் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கிளார்க்காகவே இருப்பவர். அண்ணி இறந்தபின் கட்டுகஸ்தோட்டை வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். அண்ணியின் சாவு யாரும் எதிர்பாராதது. அடுத்த வீட்டில் ஒரு சாவு. அங்கே வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி, “கொஞ்சம் களைப்பா இருக்கு” என்று முற்றத்தில் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. அதிலிருந்து அப்பாவும் மகளும் சாப்பாடு, கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் தவிர வேறொன்றும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

கொழும்புக் கதையைக் கேட்டதும் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“படத்த நானும் பாக்குறேன். எனக்கு வெளங்கினா போகட்டும். வெளங்கலன்னா பேங்க்தான்.”

பிறகு என்னைப் பார்த்தார். “நீதான் ஊர்ப்பட்ட பாட்டுக்கெல்லாம் பொருள் சொல்றவளாச்சே. வெளங்க வையி, பாப்பம்.”

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பொருள் கூறுவதுதான் என் பிழைப்பு. அதனால் ரோஷம் வந்து, “வச்சிட்டாப் போச்சு” என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் படத்தைப் பார்த்திருக்கவில்லை.

படம் இதுதான். நீல நிறத்தில் ஒரு மடக்குக் கதிரை. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் நடக்கிறார். அவருடைய முகத்தை ஒரு இடத்திலும் காட்டவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கதிரையை இறக்கி வைக்கிறார், யாரும் உட்காரவில்லை. பனி மூடிய மலையில் ஒரு ரயில் போகிறது. கதிரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு வீடு. வீட்டுக்குள்ளே மழை. ஒரு பெண் குசினியில் அடுப்போரம் குடை பிடித்தபடி சோறு சாப்பிடுகிறாள், பக்கத்தில் கதிரை. அப்புறம் ஒரு பஸ். கதிரை சீட்டில் இருக்கிறது, ஆள் நிற்கிறார். கண்டக்டர் கதிரைக்கு டிக்கெட் கொடுக்கிறார். பஸ் ஒரு பாலத்தைக் கடக்கிறது. கடைசியில் ஆற்றில், கணுக்கால் தண்ணீரில், கதிரை தனியாக நிற்கிறது. திரை வெள்ளையாகிவிடுகிறது. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கோ ஒரு பைப் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பைப்பை யாராவது மூடியிருந்தால் எனக்குப் பாதித் தலைவலி குறைந்திருக்கும்.

மருமகளைக் கூப்பிட்டேன். “என்னாடி இது? என்னா அர்த்தம்?”

“அர்த்தமெல்லாம் கேக்கக் கூடாது அத்தை. கனவு பாக்குற மாதிரி பாக்கணும்.”

“ஒங்கப்பா கனவே காண மாட்டாருடி. கண்டாலும் ரெண்டு பிரதி எடுத்து வச்சிருப்பாரு.”

சிரித்தாள். “எனக்கே தெரியாது அத்தை. வந்துச்சு, எடுத்தேன்” என்றாள். கேட்ட கேள்விக்கெல்லாம் வாய் ஓயாமல் பதில் சொல்லும் பிள்ளை, இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிலத்தைப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்தது. தலை போகிற காரியத்தில் என்னை மாட்டிவிட்டு, இவள் கனவு மாதிரி பார்க்கச் சொல்கிறாள்.

ஆசிரியர் அறையில் படத்தைச் சுற்றுக்கு விட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சிநேகிதி, போனை முழுதாகக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். “ஓம், கதிரை எண்டால் பதவிதானே. ஒருத்தரும் இருக்கேல்ல எண்டால் நாட்டில தலைமை இல்லை. இதில என்ன விளங்காமக் கிடக்கு?”

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதவிக்கு எதற்கு பஸ் டிக்கெட்? பதவியில் இருக்கிறவர்கள் யாரும் பஸ்ஸில் போவதில்லையே.

வீட்டில் என் கணவரிடம் காட்டினேன். அவர் எந்தப் படத்தையும் பாதியில் தூங்கிப் போய், எழும்பி மீதிக் கதையைத் தானே சொல்லக்கூடியவர். இதில் முழுதாக விழித்திருந்தார். முடிந்ததும், “பாவம், அந்தாளுக்குக் கை வலிச்சிருக்கும். மடக்கித் தூக்கியிருக்கலாம்” என்றார். அதோடு அவருடைய விமர்சனம் முடிந்தது.

கடைசியில் நானே ஒன்றைத் தயார் செய்தேன். கதிரை என்பது ஆன்மா. தேயிலை உழைப்பு. ரயில் காலம். வீட்டுக்குள் பெய்யும் மழை துன்பம், குடை நம்பிக்கை. பாலம் இகத்துக்கும் பரத்துக்கும் நடுவில் இருப்பது. கண்டக்டரை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கடவுளாக வைத்துக்கொண்டேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். எனக்கே மெய் சிலிர்த்தது.

அண்ணன் நியாயம் பார்க்கிற மனிதர். தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஒருதலைப்பட்சம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று, மரண உதவிச் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் போடச் சொன்னார். அங்கே சுவரில் படம் காட்டும் மெஷின் இருக்கிறது. நாலு பேரும் பார்ப்பார்கள். அவர்தான் சங்கத்தின் செயலாளர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், சொந்தக்காரர் வருவதற்கு முன்னே சங்கத்துக் கூடாரம் வந்துவிடும். பின்னாலேயே தேநீர்ப் பாத்திரமும் கதிரைகளும் வரும். கோயிலுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களும் பக்கத்து சிங்களக் குடும்பங்களும் சேர்ந்து நடத்துகிற சங்கம். சட்டங்கள் கடுமையானவை. சங்கத்துக் கதிரை கலியாணத்துக்குப் போகக் கூடாது, பிறந்தநாளுக்குப் போகக் கூடாது. முக்கியமாக, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டக் கூடாது. முன்னொரு காலத்தில் பாலம் தாண்டிப் போன கதிரைகளை ஒரு கலியாண மண்டபத்தில் யாரோ கண்டுவிட்டார்களாம். அதிலிருந்து வந்த சட்டம். இதையெல்லாம் கட்டிக் காப்பவர் அண்ணன். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் எழுந்து, “ஒரு கதிரை குறையுது” என்பார். சில வருஷமாகவே குறைகிறது. சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார். எடுக்காதவர்களுக்கும் எடுத்த மாதிரி இருக்கும்.

அன்றும் சொன்னார். பிறகு விளக்கை அணைத்தார்கள். நான் முன்வரிசையில் ஆன்மாவோடு தயாராக இருந்தேன். மருமகள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

சுவர் நிறையக் கதிரை வந்தது. என் போனில் விரல் அளவுக்குத் தெரிந்த கதிரை, இங்கே ஆள் உயரத்துக்கு நின்றது. முதுகில் வெள்ளைப் பெயின்டில் சங்கத்தின் எழுத்துகள். நான் அதை அன்றுதான் பார்த்தேன்.

“நம்ம கதிரைடி!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கதிரை ஆன்மாவுமில்லை, பதவியுமில்லை. அது வந்தால் சாவு வீடு. என் பக்கத்தில் இருந்தவர், அண்ணனுடைய அடுத்த வீட்டு சிங்கள அம்மா. அவருடைய மாமியாரின் சாவுக்குத் தேநீர் ஊற்றப் போய்த்தான் அண்ணி போனது. அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்து, “கவுத மெருணே?” என்று கேட்டார். யார் செத்தது என்று எனக்கெப்படித் தெரியும்? தேயிலைக்குள் கதிரை வந்ததும், “தோட்டத்துச் சாவு போல” என்றார்கள். ரயில் வந்ததும், “உடம்பு ரயில்ல வருதோ” என்றார்கள். வீட்டுக்குள் மழை பெய்தபோது, சங்கத்துக் கூடாரம் ஒழுகுகிறதென்று ஒருவர் முறைப்பாடு வைத்தார். என்னை விட அவர்கள் படத்தை நன்றாகவே தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

பஸ் பாலத்தில் ஏறியதும் மண்டபம் எழும்பிவிட்டது.

“பாலம் தாண்டுது! கதிரை பாலம் தாண்டுது!”

“யாரு அனுமதி குடுத்தது?”

“படத்த நிப்பாட்டுங்க!” என்று சங்கத் தலைவர் கத்தினார். விளக்கைப் போட்டார்கள். “இதுதானே காணாமப் போன கதிரை? எங்கருந்து எடுத்தீங்க மகள்?”

மருமகள் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவர் திரும்பவும் கேட்டார். அவள் அப்பாவைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். படம் விளங்குவது இருக்கட்டும், பிள்ளை திருடிப் பட்டம் வாங்கப் போகிறாள். வங்கியும் போச்சு, கொழும்பும் போச்சு.

“நான் எடுத்தேன்” என்றாள் மெதுவாக. “எங்கருந்துன்னு கேக்காதீங்க.”

அப்போது அண்ணன் எழுந்தார். கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது நிற்பாரே, அதே மாதிரி நின்றார்.

“அவ எடுக்கல. நான்தான் வச்சிருந்தேன். எங்க அலுமாரிக்குப் பின்னால.” கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. “அடுத்த வீட்டு முத்தத்துல என் வீட்டுக்காரி கடைசியா உக்காந்த கதிரை. திருப்பிக் குடுக்க முடியல.”

மாதாமாதம் எங்களையெல்லாம் சந்தேகப் பார்வை பார்த்த மனிதர், அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டேதான் பார்த்திருக்கிறார். எனக்குச் சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது, அழுகைதான் முந்தியது.

“மொதல்லருந்து போடுங்க” என்றார் அண்ணன்.

போட்டார்கள். அவர் உட்காரவேயில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“இது தெல்தோட்டப் பக்கம். அவ பொறந்த தோட்டம். இது கடுகண்ணாவை. கலியாணம் முடிச்சு அங்கதான் வாடகைக்கு இருந்தோம். சாயந்தரத்துல வெளிய நின்னு ரயில் பாப்பா. இந்த வீட்டுல கூரை ஒழுகும். மழ பெஞ்சா குடையப் புடிச்சுக்கிட்டுத்தான் சாப்புடுவோம்.” பஸ் வந்தது. “இது வீடு மாறி இங்க வந்த நாள். இவ அப்ப அவ வயித்துல. பஸ்ஸுல ஒரு சீட்டுதான் கெடச்சிச்சு. அவள உக்கார வச்சிட்டு நான் நின்னுக்கிட்டு வந்தேன்.”

கதிரை பாலத்தைக் கடந்தது. ஒருவரும் சட்டம் பேசவில்லை.

துன்பமும் நம்பிக்கையுமாக நான் அடுக்கி வைத்திருந்தது ஒன்றுகூட உதவவில்லை. அண்ணி தெல்தோட்டைக்காரி என்பது எனக்குத் தெரியாதா? கலியாணத்துக்குப் போய் அட்டைக் கடி வாங்கியவள் நான். கண்முன்னால் நின்ற தேயிலையைத் தேயிலையாகப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. கண்டக்டரைப் போய்க் கடவுளாக்கிவிட்டேன்.

“இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது?” என்று அண்ணன் மகளிடம் கேட்டார்.

“அம்மா. குசினியில சொல்லுவாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “காலையில நீங்க கதிரைய விரிச்சு வச்சிட்டு முன்னால தேத்தண்ணி குடிக்கிறதப் பாத்திருக்கேன்பா. உங்ககிட்ட எப்புடிப் பேசுறதுன்னு தெரியல.”

சுவரில் ஆறு வந்தது. கதிரை தண்ணீரில் தனியாக நின்றது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது ஒண்ணுதான் எனக்கு வெளங்கல” என்றார். அவர் குரல் உடைந்ததை நான் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன். “ஏன் அத ஆத்துல விட்டுட்ட?”

“விடலப்பா. கேமராவ நிப்பாட்டுனதும் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். தொடச்சு, எண்ண போட்டு, அலுமாரிக்குப் பின்னாலயே வச்சிருக்கேன்.”

அண்ணன் தலையாட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, “வெளங்கிருச்சு. போகட்டும்” என்றார். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா என் கையை இன்னும் விடவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், “இப்ப தெரியும், யாரு” என்றார்.

மருமகள் இப்போது கொழும்பில் இருக்கிறாள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் அப்பாவும் மகளும் தினமும் போனில் பேசுகிறார்கள். அடுத்த படத்தில் பைப்பை மூடி வைக்கும்படி நான் சொல்லியிருக்கிறேன்.

அவள் போன பிறகு வந்த சங்கக் கூட்டத்துக்கும் போயிருந்தேன். எல்லாம் முடிந்து ஆட்கள் எழும்பும் நேரத்தில் அண்ணன் வழக்கம்போல எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை.

“ஒரு கதிரை குறையுது” என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “குறைஞ்சா குறையட்டும்” என்றார். எல்லாரும் கை தூக்கினோம்.