மூன்று கைகளில் மட்டும் பூ இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை, வண்டியூரில் ஒரு மண்டபத்தில் அறுபத்திரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். போட்டோவுக்காகத்தான். எல்லார் மணிக்கட்டிலும் நான் செய்துகொடுத்த அலங்காரம். மணிகள் கலகலவென்று சத்தம் போட்டன. யாரோ விசிலடித்தார்கள்.

எனக்கோ அப்படியே பின்வாசல் வழியாக நழுவி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஏன்? சொல்கிறேன். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன்... நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

நான் பூக்கடைக்காரன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். கல்யாண மேடை, காதுகுத்து, கார் அலங்காரம், எதுவானாலும் செய்வேன். செய்ததைப் பற்றி இங்கே வந்து பீற்றிக்கொள்வேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பர்வீன் மேடம் கடைக்கு வந்தார். மாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். கல்லூரியை முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம், கூடப் படித்தவர்கள் எல்லாரும் கூடப்போகிறார்களாம்.

"ஹோம்கமிங்னு பேர் வச்சிருக்கோம்ணே. எங்க செட்டுல ஒருத்தி டெக்சாஸ்ல இருக்கா. அங்க ஸ்கூல்ல எல்லாம் வருஷாவருஷம் இது நடக்குமாம். அன்னைக்குப் பொண்ணுங்க கோர்சாஜ்னு ஒண்ணு கட்டிக்குவாங்களாம். பாருங்க..." என்று போனை நீட்டினார்.

பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு செவ்வந்தி. அதற்குக் கீழே முழங்கால் வரை ரிப்பன். ரிப்பன் முழுக்க மணி, குட்டிக் கரடி பொம்மை, தங்க எழுத்தில் பெயர். அதை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாள். முகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது.

முத்துலட்சுமி எட்டிப் பார்த்தாள். பதினைந்து வருடமாக எங்கள் கடையில் பூத் தொடுக்கிறவள். "என்னண்ணே இது, தேருக்குக் கட்டித் தொங்கவிடுற தொம்பை மாதிரி இருக்கு? இதைக் குத்திக்கிட்டு அந்தப் புள்ள எப்புடி உக்காரும்?"

பர்வீன் மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்புட்டுப் பெருசு வேணாம். கையில கட்டுற மாதிரி சின்னதா இருந்தாப் போதும். ஆனா பாத்தவுக அசந்துரணும்."

அசத்திவிடுவோம்! மூன்று மாதிரி செய்து பார்த்தோம். முதலாவது அரை மணி நேரத்தில் தலை கவிழ்ந்துவிட்டது. இரண்டாவதைக் கட்டிக்கொண்டால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. மூன்றாவதுதான் சரியாக வந்தது. நடுவில் ஒரு மஞ்சள் செவ்வந்தி, அதைச் சுற்றி மூன்று வரிசை மல்லி மொட்டு, கீழே அவரவர் சேலைக்குப் பொருத்தமாக நாலு சாட்டின் ரிப்பன், நுனியில் சலங்கை மணி. ஒரு ரிப்பனில் தங்க எழுத்தில் பெயர்.

பர்வீன் மேடம் எல்லாருக்கும் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினார். பெயர், சேலை கலர், எந்தக் கையில் கட்ட வேண்டும், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா — அவ்வளவுதான். வந்த பதில்களை பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன்.

இனிமேல்தான் என் மேதாவித்தனம் வருகிறது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண மண்டப வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு, பூ வைத்த தட்டோடு எங்கள் பெண்கள் நிற்பார்கள். வருகிறவர் நெற்றியை, கழுத்தை ஒரே ஒரு பார்வை. கணவர் இல்லாதவர் என்று தெரிந்தால், தட்டை லேசாகத் திருப்பிக் கற்கண்டுப் பக்கத்தை நீட்ட வேண்டும். வாய் பேசக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். 'அவங்க மனசு சங்கடப்படக் கூடாதும்மா' என்பேன். இதை நான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே நினைத்திருந்தேன்! இதைப் பற்றி ஒரு வாரம் இங்கே எழுதிப் பேர் வாங்கலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

ஆகவே பர்வீன் மேடத்துக்கு போன் போட்டேன். "மேடம், கணவர் தவறினவங்க யாராவது வர்றாங்களா?"

"மூணு பேர் இருக்காங்க. ஏன்ணே?"

"சும்மாதான் மேடம். ஒரு தகவலுக்கு."

மூன்று பெயரையும் சொன்னார். எதற்கென்று நான் சொல்லவில்லை. சொன்னால் பெருந்தன்மை குறைந்துவிடும் பாருங்கள்!

அந்த மூன்றை மட்டும் நானே உட்கார்ந்து செய்தேன். பூவே கிடையாது. சந்தனக் கலர் சாட்டினை மடித்து மடித்து ரோஜா மாதிரி ஒன்று, சுற்றிலும் முத்துச்சரம். மணி, பெயர் எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே. சத்தியமாக, மற்ற ஐம்பத்தொன்பதைவிட அந்த மூன்றுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன்.

மூவரில் ஒருவர் தேவகி டீச்சர். பெயரை மாற்றியிருக்கிறேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறார். சுவரில் ஒட்டிய தாளில் அவர் வரி இப்படி இருந்தது: சேலை, கத்தரிப்பூ கலர். கை, இடது. வேறு ஏதாவது: 'மல்லி கொஞ்சம் கூடுதலாக வைக்கவும். முடிந்தால் நல்ல மொட்டாக.'

படித்தேன். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு தடவை படித்தேன்.

படித்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? பழைய நினைப்பில் எழுதியிருப்பார்... இல்லையென்றால் வீட்டில் வேறு யாராவது நிரப்பியிருப்பார்கள்... நாலு பேர் முன்னால் பூவைக் கையில் கட்டும்போது கூசிப்போவார்... நாம்தான் காப்பாற்ற வேண்டும். அந்தம்மா பச்சைத் தமிழில் தெளிவாக எழுதியிருக்கிறார். அதற்கு நான் உரை எழுதிக்கொண்டிருக்கிறேன்!

முத்துலட்சுமி கேட்கத்தான் செய்தாள். "அண்ணே, இந்த டீச்சரு மல்லி கேட்டிருக்காகளே?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பேசாம தொடு."

பேசாமல் தொடுத்தாள்.

ஞாயிறு காலை மண்டப வாசலில் மேஜை போட்டு எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பியிருந்தேன். ஒவ்வொருவராக வந்து, பெயரைத் தேடி எடுத்து, கையை நீட்டிக் கட்டிக்கொண்டார்கள். ஒரே கத்தல், கட்டிப்பிடித்தல். 'ஏய், நீயாடி!' என்று அலறாத ஆள் இல்லை.

கத்தரிப்பூ கலர் சேலையில் தேவகி டீச்சர் வந்தார். பேருந்தில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். தன் பெயரைத் தேடி எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, இதுல பூ எங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்?

"இன்னைக்கு மல்லி வரத்து கம்மி டீச்சர்... தட்டுப்பாடு..."

எனக்குப் பின்னால் தெர்மாகோல் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே கூடுதலாக வாங்கிவந்த மல்லி. வாசல் பூராவும் அதன் வாசனை. டீச்சர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த மற்ற இரண்டு சந்தனக் கலர் அலங்காரங்களைப் பார்த்தார். அவற்றிலிருந்த பெயர்களைப் படித்தார். கூடப் படித்த தோழிகள்தானே, அவர்கள் வீட்டில் நடந்தது இவருக்குத் தெரியாதா? சிரிப்பு போய்விட்டது.

"சரி, கட்டுங்க" என்று இடது கையை நீட்டினார்.

சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

அப்புறம்தான் அந்த போட்டோ. எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். "கையைத் தூக்குங்க!" என்றார் போட்டோக்காரர். தூக்கினார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக ஐம்பத்தொன்பது கை. நடுநடுவே சந்தனக் கலரில் மூன்று. கண் தெரியாதவருக்குத்தான் தெரியாது.

அப்போதுதான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது எனக்கே முழுசாக உறைத்தது. யார் யாருக்குப் புருஷன் இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, அதைத் தங்க எழுத்தில் பெயர் போட்டு, மணி கட்டி, அவர்கள் கையிலேயே கட்டியும் விட்டிருக்கிறேன். நாகரிகமாக!

பர்வீன் மேடம் படியிறங்கி நேராக என்னிடம் வந்தார். "இதுக்குத்தான் கேட்டீங்களாண்ணே? நானே பேரைச் சொல்லிக் குடுத்துட்டேனே... அவளுக மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" கண் கலங்கிவிட்டது. நான் செய்ததற்கு அவர் அழுதுகொண்டிருந்தார்.

சமையல்கட்டுப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் மல்லி வைத்து மூன்று செய்தேன். எடுத்துக்கொண்டு போனேன்.

முதலாமவர், "எனக்கு வேணாம்ணே. கோவத்துல சொல்லல, நெசமாவே எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றார். இரண்டாமவர் நான் வாயைத் திறக்கும் முன்பே கையை நீட்டிவிட்டார். இரண்டு பேருக்கு இரண்டு பதில். கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தேவகி டீச்சர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தப்பு நடந்துபோச்சு."

"தானா நடந்துச்சாண்ணே?"

"இல்ல டீச்சர். நான்தான் செஞ்சேன்."

"ஃபார்ம்ல எழுதியிருந்தேனே, படிக்கலையா?"

இன்னும் ஒரே ஒரு பொய் போதும். அறுபத்திரண்டு வரியில் ஒன்று கண்ணில் படாமல் போய்விட்டது என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"படிச்சேன் டீச்சர். ரெண்டு தடவ படிச்சேன்."

தலையை ஆட்டினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏழு வருசமா ஆசைதான்ணே. வீட்டுல வாயைத் தொறந்து கேக்க முடியாது. மகன் ஒண்ணும் சொல்ல மாட்டான், ஆனா அவன் மொகம் மாறும். கடையில போயி வாங்குனா, யாருக்கு டீச்சர்னு கேப்பாக. ஃபார்ம்ல எழுதுறதுக்கு யாரு மொகத்தையும் பாக்க வேண்டியதில்லையேன்னுதான் எழுதினேன்."

கையில் இருந்ததை நீட்டினேன். "இப்பக் கட்டிருவோம் டீச்சர்."

"இப்ப வேணாம்ணே. காலையில கட்டியிருந்தா அறுபத்திரண்டு பேர்ல நானும் ஒருத்தி. இப்பக் கட்டுனா எல்லாரும் கை தட்டுவாளுக. எனக்கு அது வேணாம்."

கடைசி வரை அந்தச் சந்தனக் கலர் துணியைத்தான் கட்டியிருந்தார். பேருந்துக்குக் கிளம்பும்போது கழற்றிக் கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். தூக்கிப் போட்டிருக்கலாம்...

அடுத்தவர் சங்கடப்படக் கூடாது என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோமே... யோசித்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் நம் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகத்தான். 'உங்களுக்குப் பூ வேண்டுமா?' என்று ஒரு பெண்ணிடம் கேட்க எனக்குக் கூச்சம். இத்தனை வருடமும் தட்டைத் திருப்பியது அதற்காகத்தான். எத்தனை பேர் எதிரில் திருப்பியிருப்பேன்? அதில் எத்தனை பேருக்கு ஆசை இருந்திருக்கும்? வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

திங்கட்கிழமை, ஒரு கூடை மல்லியோடு கல்லுப்பட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவது என்று கிளம்பினேன். என் மனைவி வசந்தா வழியை மறித்தாள்.

"அந்தம்மா வீட்டு வாசல்ல பூக்கூடையோட போயி நிக்கப் போறீகளாக்கும்? தெருவே கூடி நின்னு பாக்கணுமா?"

கூடையை இறக்கி வைத்தேன். சரி, பத்தியிலாவது எழுதித் தீர்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதையாவது அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுவீகளா? இல்ல, இதுவும் உங்க இஷ்டந்தானா?"

செவ்வாய்க்கிழமை பர்வீன் மேடத்திடம் கெஞ்சி நம்பர் வாங்கினேன். மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் இரைச்சல்.

"டீச்சர்... நடந்ததை எழுதலாமா? பேரை மாத்திடுறேன்."

இரைச்சல் குறைந்தது. தள்ளி வந்து நின்றார் போலிருக்கிறது.

"எழுதுங்கண்ணே. படிக்கிறவுக நாலு பேராவது கேட்டுட்டுச் செய்வாக. ஆனா ஒண்ணு... என்னயப் பாவம்னு மட்டும் எழுதிறாதீக."

"எழுத மாட்டேன் டீச்சர்" என்றேன்.

எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஐந்து இடத்தில் அந்த வார்த்தையை எழுதியிருந்தேன். ஐந்தையும் அடித்துவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.