சிவப்புக் குறி விழுந்த கையெழுத்து

ஆய்வுக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு ‘ஆகட்டும் அக்கா’ என்று பேர். கணினி நின்றுபோச்சு என்று யார் வந்து குதித்தாலும், “ஆகட்டும், பார்க்கலாம்” என்பாள், பார்க்கவும் செய்வாள். அங்கே தண்ணீர்ப் பரிசோதகர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். வீட்டில் “என்னங்க”, ஆபீஸ் வாசலைத் தாண்டினால் “சார்”. இருபது வருஷமாக இது தடுமாறாமல் நடக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் காலையில் சார் முகம் செத்துப்போய் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்ச் சான்றிதழோடு அவர் அனுப்பிய மெயிலில், டிஜிட்டல் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்திருக்கிறதாம். கையெழுத்துப் போட்ட பிறகு மெயிலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் திரை சொல்கிறதாம். மதியத்துக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் இனி இவர் சான்றிதழை ஏற்பதில்லை என்று எழுதிவிட்டார்கள்.

“என் கையெழுத்தைப் போய் சந்தேகப்படுறாங்க,” என்றார். அந்த மனுஷன் துளி சந்தேகம் வந்தாலும் முதலிலிருந்து மறுபடி சோதிக்கிற ரகம். அவரைப் போய் இப்படிச் சொன்னால் அவளுக்கு வயிறு எரியாதா?

“ஆகட்டும், உட்காருங்க சார்.”

கையெழுத்துக்கான சான்று காலாவதியாகிவிட்டதோ என்று பார்த்தாள்; இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கணினியில் தேதியும் மணியும் சரி. ஆபீஸுக்கு வெளியே இருக்கும் தன்னுடைய சொந்த முகவரிக்கு ஒரு மெயில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாள். அவர் அனுப்பிய பிரதியில் பச்சைக் குறி. அவளுக்கு வந்து சேர்ந்ததில் சிவப்பு. அப்படியென்றால் வழியில்தான் எவனோ கைவைத்திருக்கிறான். இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தாள். வந்ததன் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘அச்சிடுமுன் யோசியுங்கள், காகிதத்தை மிச்சப்படுத்துங்கள்.’

அவளுக்குச் சுருக்கென்றது. மேலாளர் கேட்டாரே என்று, வெளியே போகிற ஒவ்வொரு மெயிலிலும் அந்த வரி தானாகச் சேரும்படி சர்வரில் போன வாரம் ஏற்பாடு செய்ததே இந்த மகராசிதான். அவர் தன் கணினியில் கையெழுத்துப் போட்டு விடுகிறார். அதற்குப் பிறகு சர்வர் ஒரு வரியைச் செருகுகிறது. ஒட்டி முடித்த கவரைப் பிரித்து இன்னொரு தாளைத் திணித்த மாதிரிதான். ஒரு எழுத்து கூடினாலும் கையெழுத்து செல்லாது.

“எவனோ இல்ல சார், நான்தான்,” என்று சொல்லிவிட்டு அந்த ஏற்பாட்டை நிறுத்தினாள். மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். பச்சை.

அவருக்கு உயிர் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தார். ‘காரணம் தெரியாத தொழில்நுட்பக் கோளாறு’ என்று தட்டினார்.

“காரணம்தான் தெரியுமே,” என்றாள்.

“உன் பேரு எதுக்கு வெளியில அடிபடணும்? விடு.”

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “காலையிலேர்ந்து உங்க கையெழுத்து பொய்யில்லன்னு காட்டத்தானே மல்லுக்கட்டினேன். இப்ப நீங்களே அதைக் கொண்டுபோய்ப் பொய்க்கு அடியில போடுவீங்களா?”

அவர் கீபோர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு, ‘கணினிப் பிரிவில் இருக்கும் என் மனைவி செய்த தவறு; கண்டுபிடித்ததும் அவர்தான்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.