தாய்மாமன் கை நனைத்த பந்தி

பால்பாண்டி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். காளவாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீடு கோச்சடையில். இயேசுவண்டை வந்து பதினோரு வருடம் ஆகிறது. சபையில் பாய் விரிப்பதும் மைக் செட்டைத் துடைத்து வைப்பதும் அவர் வேலை. வேதத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பார். விரல் நின்றால் வாசிப்பும் நின்றுவிடும்.

அந்த வாரம் முழுக்க விரல் ஒரே இடத்தில் நின்றுபோனது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபம், பத்தாம் அதிகாரம். ஒரு இடத்தில், கர்த்தருடைய பந்தியிலும் உட்கார்ந்து பேய்களின் பந்தியிலும் உட்கார முடியாது என்கிறார் பவுல். நாலு வரி தள்ளிப் போனால், ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டால் முன்னால் வைத்ததை எதுவும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். அதற்கும் அடுத்து, இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று யாராவது சொல்லிவிட்டால் சாப்பிடாதே, சொன்னவனுக்காக விட்டுவிடு என்கிறார். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. பால்பாண்டிக்குத் தலை கிறுகிறுத்தது.

எல்லாம் தங்கச்சி சரண்யாதேவியால் வந்தது. தாய் செத்தபோது அவளுக்கு நாலு வயது. பால்பாண்டிதான் ஊட்டி வளர்த்து, மேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார். அவள் மகள் பவதாரிணிக்குப் புதன்கிழமை கருப்பசாமி கோயிலில் காதுகுத்து, கிடாவெட்டு. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. அதோடு முடியாது. பந்தியில் முதல் இலையில் மாமன் உட்கார்ந்து கை நனைத்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றைத் தொடுவார்கள். மாமன் கை நனைக்காமல் எழுந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

சரண்யாவின் மாமனார் விருமாண்டி அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஒங்கண்ணன் கை நனைக்காமப் போனா, இனி இந்தப் பக்கம் அவன் வரக்கூடாது, அந்தப் பக்கம் நீ போகக்கூடாது. ஆமா."

போதகரும் விடவில்லை. "மடியில் பிள்ளையை வையுங்கள், பாசத்தில் பாவம் இல்லை. படைத்ததில் கை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் உங்களுக்கு இடம் இல்லை."

இது போதாதென்று செவ்வாய்க்கிழமை அருள்பாண்டி போன் பண்ணினான். விருமாண்டியின் தம்பி மகன், கல்குவாரியில் வேலை. குடியில் கிடந்தவனை பால்பாண்டிதான் சபைக்குக் கூட்டி வந்தார். ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"அண்ணே, கிடாக்கறி திண்டா அடுத்து பாட்டில்தான். எங்காளுகளோட உக்காந்தா எனக்கு அது ரெண்டும் ஒண்ணுதாண்ணே. வரமாட்டேன்னா பெரியப்பா விடமாட்டாரு. எனக்கு வசனமெல்லாம் தெரியாது. நீங்க கறியில கை வச்சா நானும் வைப்பேன். நீங்க வைக்கலேன்னா நானும் வைக்கல."

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. பிள்ளை மாமன் மடியில் கத்தித் தீர்த்துவிட்டுத் தூங்கிப்போனாள். புளியமரத்தடியில் பந்தி விரித்தார்கள். சரண்யா சேலை முந்தானையால் முகம் துடைப்பதுபோல அண்ணன் காதோரம் குனிந்தாள்.

"அண்ணே, ஒனக்கு மட்டும் மேலூர்க் கடையில கறி எடுத்து, விடியவே வீட்ல ஆக்கிக் கொண்டாந்துட்டேன். சாமிக்குக் காட்டுனதில்ல. மாமனாருக்குத் தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சுருவாரு. வாயத் தொறக்காமச் சாப்புடு."

பால்பாண்டிக்கு மூச்சு வந்தது. அப்பாடா, கர்த்தரே வழி திறந்துவிட்டார் என்று முதல் இலையில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. சரண்யா தனி வாளியிலிருந்து கறியை அள்ளி வைத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

விருமாண்டி எதிரே வந்து நின்றார். மீசைக்குள் சிரிப்பு.

"மாப்ள, தெரிஞ்சுக்க. இது கருப்பனுக்கு வெட்டுன கிடா. ஒங்க ஏசு கோவிச்சுக்க மாட்டாரா?"

பந்தியே சிரித்தது. பால்பாண்டியின் கை சோற்றின் மேல் அப்படியே நின்றது.

நாலாவது இலையில் அருள்பாண்டி. அவன் இலையில் கிடாக்கறி மலைபோல இருந்தது. அவன் கறியைப் பார்க்கவில்லை. பால்பாண்டியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இது கடைக் கறி என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே. சத்தமாகச் சொல்லலாம். சொன்னால் தங்கச்சி இந்தக் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொள்வாள். பால்பாண்டிக்கு நெற்றியில் வேர்த்தது. ஒன்பது தரம் வாசித்து, ஒன்பது தரமும் விரல் தாண்டிப்போன ஒரு வரி அப்போது வந்து நின்றது. மனச்சாட்சி என்று பவுல் சொன்னது சாப்பிடுகிறவனுடையதை அல்ல, மற்றவனுடையதை. ஒரு வாரமாக அவர் கறியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். பவுலோ ஆளைப் பற்றி எழுதியிருந்தார்.

ஆனால் எந்த ஆள்? தங்கச்சியும் ஆள்தானே? இவள் அழுவாள். அவன் விழுவான். அழுகிறவளை இன்னொரு நாள் தேற்றலாம்.

பால்பாண்டி கறியை இலை ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"மாமா, கருப்பன் மேல எனக்குக் கோவமில்ல, ஒங்க மேலயும் இல்ல. கறி வேணாம். சோறு திங்கிறேன்."

சிரிப்பு நின்றுபோனது. "அப்ப எந்திரி," என்றார் விருமாண்டி. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சரண்யாவின் முகம் செத்துப்போனது. விடியற்காலையிலிருந்து பயந்து பயந்து ஆக்கின கறி. அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பார்வை போன திசையில் அருள்பாண்டியைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அண்ணன் இலை ஓரத்தில் கிடந்த கறியைக் கையால் வழித்து எடுத்தாள். நின்ற இடத்திலேயே வாயில் போட்டு மென்றாள்.

"எங்கண்ணன் எலையில கெடந்தத நான் திங்காம யாரு திம்பா? இந்தக் கையில திண்டு வளந்தவதான நானு," என்றாள் வாய் நிறையக் கறியோடு. கண்ணில் தண்ணீர் ஓடியது. "மாமா, எங்கண்ணனுக்கு ரசம் ஊத்தச் சொல்லுங்க."

விருமாண்டி அசையவில்லை. வரிசையில் ஒரு கிழவர், "ஏய், பசிக்குதுப்பா. ரசமோ கஞ்சியோ, மாமன் கை நனைஞ்சாச் சரி," என்று அதட்டினார். யாரோ ரசவாளியைக் கொண்டு வந்தார்கள். பால்பாண்டி பிசைந்து ஒரு வாய் வைத்தார். மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே விழுங்கினார்.

"மதினி, இந்தக் கறிய எடுத்துட்டு எனக்கும் ரசம் ஊத்துங்க," என்றான் அருள்பாண்டி.

விருமாண்டி அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

கிளம்பும்போது பால்பாண்டி அவரைத் தேடிப் போனார். அவர் ஆட்டுத்தோலை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாரேன் மாமா."

பால்பாண்டி காத்து நின்றார். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்ட பிறகும் விருமாண்டி நிமிரவில்லை. வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.