வெட்டிப் போட்ட ஹோஸ்

போன வாரம் நாகர்கோவிலுக்குப் போகும்போது, வில்லுக்குறி தாண்டியதும் பஸ் ஊர ஆரம்பித்தது. முன்னால் ஒரு புத்தம்புதுக் கார் பானட்டைத் திறந்துபோட்டு நின்றது. வெள்ளை வெள்ளையாக ஆவி. ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது பாருங்கள், என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் சூடேறிய இனிப்பு வாசனை. பாயசம் அடிப்பிடித்ததுபோல இருக்கும். கார்க்காரர் ஓரமாக நின்று போனில் யாரிடமோ, “தொட மாட்டேன் சார், தொடவே மாட்டேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தொட்டால் வாரண்டி போய்விடுமாம். சொந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று மனுஷன் சத்தியம் செய்கிற காலம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம், “ஒரு ரப்பர் ஹோஸ்தான் போயிருக்கு, அரைமணிக்கூர் வேலை” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இயர்போனைக் காதில் செருகிக்கொண்டார். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில்தான் எனக்கு முதல் வேலை. படித்தது பி.காம். பத்து இலக்கப் பார்ட் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பொருளைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேல் என்று கேட்பேன். எங்கள் வீடு குலசேகரம் பக்கம், அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் வாடை சட்டையை விட்டுப் போகாமலேயே நான் கல்லூரியை முடித்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டோர் ரூமைத் திறந்தால் அங்கேயும் ரப்பர் வாசனை. ஆனால் பவுடர் போட்ட, சொகுசான வாசனை. நம் ஊர் மரத்துப் பால் படித்து முன்னுக்கு வந்தால் இப்படித்தான் மணக்கும்போல என்று பெருமையாக இருந்தது. அந்த ஹோஸ்கள் எல்லாம் செயற்கை ரப்பர் என்று பிற்பாடு தெரிந்தது. அப்பாவிடம் அதை நான் சொல்லவேயில்லை.

மூன்றாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு லிஸ்ட் வந்தது. கம்பெனி விற்பதை நிறுத்திவிட்ட வண்டிகளின் சாமான்களை எல்லாம் கழித்துவிட வேண்டும். கழிப்பது என்றால் குறைந்த விலைக்கு யாருக்காவது தள்ளிவிடுவது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. உடைக்க வேண்டும், வெட்ட வேண்டும், வெட்டியதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதாம். கெட்டுப்போன பொருளில்லை, ஒருநாள்கூட வேலை செய்யாத பொருள்! இன்று நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. அன்று எனக்கு வந்தது கைவலி மட்டும்தான். அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அறுத்தேன். அதில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூலன்ட் ஹோஸ் இரண்டு இருந்தது. படிக்கட்டுபோல இரண்டு வளைவு. ஒரு முனையில் கட்டைவிரல் நுழையும், மறுமுனையில் சுண்டுவிரல்தான் நுழையும். லேபிள்கூடக் கசங்கவில்லை. இரண்டையும் மும்மூன்று துண்டாக்கி, சாக்கில் போட்டுக் கட்டி, பழைய சாமான் அறையில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து லீலாபாய் டீச்சர் வந்தார்.

தக்கலை பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் கம்பெனி கொஞ்ச காலம் மட்டும் விற்றுவிட்டு நிறுத்திய இரண்டு கதவு, இரண்டு சீட் வண்டி அவருடையது. கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அடிவயிறு தட்டுகிறது என்று வெறுத்து விற்றதை டீச்சர் வாங்கியிருந்தார். நல்ல சிவப்பு. அதிலிருந்து பருத்திச் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக ஒரு அம்மா இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? “முப்பது வருஷம் பிள்ளியள ஓட விட்டு நான் விசில் ஊதிட்டு நின்னேன். இனி நான் ஓடட்டு” என்பது அவருடைய பதில்.

ஆனால் வண்டி ஓட வேண்டியது வேகத்துக்காக மட்டுமல்ல. டீச்சருடைய அக்கா சாராளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் நாகர்கோவிலில் டயாலிசிஸ். அந்தத் தாழ்ந்த சீட்டில் ஏறி இறங்குவதே அவருக்குப் பெரும்பாடு. இருந்தாலும் வேறு வண்டியில் ஏற மனசு வராது. டாக்சியில் போனால் நோயாளியைக் கொண்டுபோவதுபோல இருக்கிறதாம். இதில் போனால் ஊர்சுற்றப் போவதுபோல இருக்கிறதாம்.

டீச்சர் செய்தித்தாளைப் பிரித்து, பிளந்துபோன பழைய ஹோஸைக் கவுண்டரில் வைத்தார்.

“மக்கா, இதுபோல ஒண்ணு உண்டுமா?”

நம்பரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் சொன்னதை நானும் சொன்னேன். “இல்ல டீச்சர். கம்பெனி நிப்பாட்டியாச்சு.”

“அவன் நிப்பாட்டினா? நான் நிப்பாட்டலியே!”

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். வெளியூர்க்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். “ரொம்பப் பழைய வண்டி மேடம். ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டு நம்ம புது மாடல் பாருங்க. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு. உங்க வயசுக்கும் அதான் வசதி.”

“எனக்க வயசுக்கு என்னையும் ஸ்கிராப்புக்கு எடுப்பியளா? அதுக்கு என்ன ஆஃபர்?” என்று கேட்டுவிட்டு டீச்சர் ஹோஸை மறுபடியும் பொதிந்துகொண்டு நடந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. கேட்டுக்கு வெளியே ஓடிப்போய்ப் பிடித்தேன். “டீச்சர், அது இருந்துது. ரெண்டு இருந்துது. நான்தான் வெட்டிப் போட்டேன்.”

“எதுக்கு?”

“வெட்டச் சொன்னாவ.”

“சரி, அவனுவ சொன்னானுவ. நீ எதுக்குடே வெட்டினே?”

டீச்சர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஓடும்போது விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுகிற குரலில் கேட்டார்: “துண்டு இருக்கா?”

அன்று சாயங்காலம் ஆறு துண்டும் என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் தக்கலைக்குப் பயணம் செய்தன. டீச்சர் வீட்டு முற்றத்தில் பரப்பிவைத்துப் பார்த்தோம். முனைகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் கத்தி சரியாக அந்த வளைவுகளில் இறங்கியிருந்தது. வேலையில் எனக்கு அவ்வளவு கருத்து! இரண்டு முனைகளுக்கும் நடுவே நேரான ஹோஸ் ஒன்றை வளைத்து மாட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். மாட்டினோம். டீச்சர் ஓட்ட, நான் பைக்கில் பின்னால் போனேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் சூடு காட்டும் முள் எகிறி, பானட்டிலிருந்து ஆவி. வளைத்த இடத்தில் ஹோஸ் மடங்கி அடைத்துக்கொண்டது. செடிக்குக் குழாயில் தண்ணீர் விட்ட யாருக்கும் தெரியும் இது. எனக்குத் தெரியவில்லை.

“புத்தகம் படிச்சவனுக்க யோசனை” என்றார் டீச்சருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த சாராள் அக்கா, விசிறிக்கொண்டே. ஆஸ்பத்திரி நாள் இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டவர்.

டீச்சர் ஒரு கம்பியை எடுத்துப் பழைய ஹோஸின்மேல் வைத்து அச்சு அசலாக வளைத்தார். சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கம்பியோடு கடை கடையாக ஏறினோம். லாரிக் கடை, ஆட்டோக் கடை, டிராக்டர் கடை. எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: என்ன வண்டி? “வண்டிய விடும். இந்த வளைவு உண்டுமா, அதச் சொல்லும்” என்பார் டீச்சர். மேலே தொங்கும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறக்கி, கம்பியோடு சேர்த்துப்பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பெரிய வளைவு டிராக்டர் கடையில் கிடைத்தது. சின்ன வளைவு எங்கும் இல்லை. டிராக்டர் கடைக்காரர்தான் முட்டத்தில் மீன்பிடி வள்ளங்களின் என்ஜின் வேலை பார்க்கும் சூசை அண்ணனிடம் அனுப்பினார்.

சூசை அண்ணன் கம்பியை வாங்கி இரண்டு முறை திருப்பினார். உள்ளே போய், பழைய வள்ள என்ஜின் ஒன்றுக்கு வாங்கி வைத்திருந்த முழங்கைபோல வளைந்த ஒரு ஹோஸோடு வந்தார். பொருந்தியது! பித்தளைக் குழாயைச் சின்னச் சின்னதாக அறுத்து, ஹோஸ் நழுவாமல் இருக்க முனைகளைக் கொஞ்சம் விரித்து, கொதிக்கிற தண்ணீரில் ரப்பரை முக்கி இளக்கி, துண்டுக்குத் துண்டு செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். நான் அறுத்த முனைகள் இரண்டு, டிராக்டரின் வளைவு ஒன்று, வள்ளத்தின் வளைவு ஒன்று.

“கம்பெனில இதுக்கு வழியே இல்லண்ணு சொல்லிட்டாவ அண்ணே” என்றேன்.

“கடலுக்கு நடுவுல என்ஜின் நிண்ணா கம்பெனிக்குப் போன் போட்டுட்டா இருப்பாவ? உள்ளத வச்சிக் கரை சேரணும், அம்புட்டுதான்” என்றார் அவர்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து முட்டத்துக்கே கொண்டுவந்து மாட்டினோம். என்ஜினை ஓடவிட்டு, மூன்று பேரும் அரைமணி நேரம் அந்த ஹோஸையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இல்லை. டீச்சர் என்னை ஏற்றிக்கொண்டு லைட் ஹவுஸ் மேட்டை ஒரே மூச்சில் ஏறினார். முள் அசையவில்லை. வண்டி நின்ற நாட்களில் முணுமுணுத்துக்கொண்டே டாக்சியில் போய்வந்த சாராள் அக்கா, செவ்வாய்க்கிழமை இதிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார்.

அடுத்த வாரம் சாக்கை எடுத்துப்போக ஆள் வந்தபோது, படத்தில் இருந்த ஆறு துண்டு சாக்கில் இல்லை. மேனேஜர் கூப்பிட்டார். ஒளிக்காமல் சொன்னேன்.

“கம்பெனி பொருளை எடுத்திருக்கீங்க.”

“குப்பைதானே சார்?”

“கம்பெனி குப்பை.”

அப்போதும் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அன்றே வேலை போயிற்று. புதுசை வெட்டிக் குப்பையாக்கினேன், சம்பளம் தந்தார்கள். குப்பையை மறுபடியும் ஹோஸாக்கினேன், திருடன் என்றார்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப்பேர், “ரூல்ஸ் அப்படித்தானே” என்கிறார்கள். அவர்களையும் வெட்டிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

விஷயம் தெரிந்து டீச்சர் வண்டியை ஷோரூம் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சண்டை போட்டார். மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்தாராம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. டிராக்டர் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் மேல் என்று அங்கேதான் படித்தேன்.

அந்த ஹோஸ் நாலு வருஷம் தாங்கியது. முதலில் நின்றுபோனது சாராள் அக்கா. ஒரு ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். அதன்பின் டீச்சர் அதிகம் வண்டியை எடுக்கவில்லை. கொச்சியிலிருந்து பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் வந்து வாங்கினார். பானட்டைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்து, “இது ஒரிஜினல் இல்லையே” என்று நம் ஹோஸை அங்கேயே அறுத்து எறிந்தாராம். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது அது ஏதோ ஒரு கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஓடாமல் நிற்கிறதாம்.

பிறகு ஒருநாள் சுசீந்திரம் போகிற பஸ்ஸில் பார்த்தபோது டீச்சர் இதைச் சொன்னதும் நான் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

“விடு மக்கா. ஆஸ்பத்திரியில இருந்து வரச்சில அக்கா கண்ணாடிய எறக்கிட்டுக் கைய வெளிய நீட்டுவா. ‘இன்னும் கொஞ்சம் மிதிட்டீ’ண்ணு சொல்லுவா. அவளுக்காக்கும் அது ஓடிச்சு.”

அப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு அந்த என்ஜினின் உறுமல் கேட்டால், தக்கலை ரோட்டு டீக்கடையில் இருப்பவர்கள் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, இரண்டு கிழவிகள் பறந்துபோவதைப் பார்ப்பார்கள். இப்போது அந்த நேரத்துக்கு யாரும் தலைநிமிர்வதில்லை.