போகிக்குக் கொட்டிய தண்ணீர்

என் வேலையை என் மனைவி ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவாள். "எங்க ஊட்டுக்காரு கம்பெனியில பூச்சி மேய்க்கிறாரு." தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அவற்றுக்கு வேளாவேளைக்குத் தீனி வேண்டும், காற்று வேண்டும். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அவள் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் வீட்டில் பிறந்தவள். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் ஏரியின் பொடிமீன்கள் நாலைந்தை விட்டிருந்தாள். தாய்வீடு போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு கேன் ஏரித் தண்ணீரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். "ஏரியையே பேத்துக்கினு வந்துடு" என்று கேலி செய்வேன். ஊர் ஏக்கம், வேறென்ன என்று நினைத்துக்கொள்வேன்.

சாப்பிடும்போது நான் வாயை மூடமாட்டேன். ஏரியிலும் கடலிலும் மிதந்து திரிவது இதே கூட்டம்தான் என்பேன். செத்த மீன், அழுகிய இலை, மழைக்கு ஆரணி ஆறு அடித்துவரும் குப்பை எல்லாவற்றையும் அவை கரைத்துத் தின்கின்றன. அவற்றை அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய உயிர்கள் தின்கின்றன, அந்த உயிர்களை இறால் குஞ்சுகள், இறாலை மீன்கள். "நீ பெருமை பேசற உங்க ஏரி எறா, என் பூச்சி போட்ட பிச்சை" என்பேன். சேறு நாறுகிற இடத்தில்தான் அவற்றுக்கு விருந்து என்றும் சொல்வேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிதான்யா, சோத்தத் துன்னு" என்பாள். செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம் என்று நானும் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய சேலைகளை என் அக்கா எடுத்துப்போனபோது தடுக்கவில்லை. தொட்டியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. வெயிலுக்குக் குறைகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டேன். அவள் மொண்டு வந்த அன்று அதில் மிதந்தவை அப்படியேவா இருக்கும்? ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அவள் போன பிறகு எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும். இது என் பிழைப்பு, எனக்குத் தெரியாதா. ஆனாலும் அந்த வீட்டில் அவள் கொண்டுவந்து பெருகியது அது ஒன்றுதான். சாயங்காலம் வந்ததும், அவள் இருந்தபோது போலவே, அதன் முன்னால்தான் உட்காருவேன்.

பொங்கலுக்குத் தொழிற்சாலையை மூடினால் கழிவு வராது, பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும். அதனால் விடுமுறையில் வெல்லத்தைக் கரைத்துக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுவோம். ஊரெல்லாம் பானைக்கு வெல்லம் வாங்கும்போது நான் பூச்சிக்கு வாங்குவேன். இந்த வருஷம் போகியன்று அந்த வேலையை முடித்து வீட்டுக்கு வந்தேன். பண்டிகைக்காகக் கடம்பத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டைக் கழுவி முடித்திருந்தாள். கண்ணாடித் தொட்டி பளபளவென்று வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்த மணலைக்கூட பிளீச்சிங் பவுடர் போட்டு அலசியிருந்தாள். மீன்கள் பக்கெட்டில், உப்புப் போட்ட புதுத் தண்ணீரில், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாசி புடிச்சி நாறினு இருந்துதுடா. போகிக்குப் பழசக் கழிக்க வேணாமா" என்றாள் அக்கா.

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் மனைவி ஏரித் தண்ணீர் கொண்டுவந்த காலிக் கேனைக் கழுவி என் பைக்கில் கட்டினாள்.

கழிவைத் தின்னப் பூச்சி இல்லாத தண்ணீரில் மீன்கள் நாலு நாள் தாங்காது. காரியத்துக்குப் பிறகு மாமியார் வீட்டுப் பக்கமே நான் போனதில்லை, அவள் இல்லாத அந்தக் கரையைப் பார்க்கத் துணிவு இல்லை. அன்றைக்குப் போனேன். அவளுடைய அண்ணன் கேனைப் பார்த்ததும் படகைத் தள்ளினார். கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் தெளிவாக இருந்தது. கேனை இறக்கினேன்.

"இங்க வேணாம் மச்சான்" என்றார். "அவ இங்க மொள்ள மாட்டா. அதோ அந்தச் சேத்து ஓரத்துக்குத்தான் தள்ளச் சொல்லுவா. நாத்தம் கொடலப் புடுங்கும். ஏம்மே, நல்ல தண்ணியா எடுத்துக்கினு போயேன்னா கேக்க மாட்டா. 'இங்கதான் பூச்சி ஜாஸ்தி, அவரு பாத்துக்கினே குந்தினு இருப்பாரு'ன்னுவா."

படகு சேற்றோரம் போய் நின்றது. அந்த நாற்றம் என் தொழிற்சாலையில் நான் அன்றாடம் முகர்கிற நாற்றம்தான். அங்கேதான் கேனை முக்கினேன். நிறைந்ததைத் தூக்க அவர் கேனின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

டிவியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.